எல்லம்மா சுமந்து போன சீர்

தாம்பரம் மார்க்கெட்டின் மீன் வரிசையில் எல்லம்மாவிடம் வம்புக்குப் போனவர்கள் உண்டு. இரண்டாம் முறை போனவர்கள் கிடையாது. ஆள் ஒன்றும் பெரிய உருவமில்லை. குள்ளம், ஒடிசல், கழுத்து நரம்பு வெளியே தெரியும். ஆனால் பொழுது விடிந்ததிலிருந்து அருவாமனை முன்னால் உட்கார்ந்து, சனங்கள் வாங்கிக்கொண்டு வரும் மீனையெல்லாம் செதில் சீவி, வயிறு கீறி, துண்டு போட்டுக் கொடுத்துக் கொடுத்து, அவளுடைய வலது கை மட்டும் தனி ஆளாக வளர்ந்துவிட்டிருந்தது. வாய் பேசி முடிப்பதற்குள் அந்தக் கை பேசிவிடும்.

ஒருமுறை மப்பில் வந்த ஒருவன் வெட்ட வந்த மீனை அவள் போட்டு வைக்கும் ஐஸ் பெட்டியை எட்டி உதைத்துவிட்டு, என்ன முறைக்கிறாய் என்று வேறு கேட்டான்.  அப்போது எல்லம்மாவின் கையில் ஒரு கெளுத்தி இருந்தது. அதாலேயே அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். கெளுத்தி முள் ஏறினால் என்ன ஆகும் என்று மீன் சாப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் முகம் பூசணிக்காயாக வீங்கி, ஒரு வாரம் கஞ்சி குடித்தான் என்று கேள்வி. மார்க்கெட் மாடுகளுக்கும் அதே மரியாதைதான். ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து கோஸ் இலையை மோப்பம் பிடித்துக்கொண்டு உள்ளே வரும் மாடுகளுக்கு மற்றவர்கள் குச்சியைத் தேடுவார்கள். எல்லம்மா எழுந்து போய் உள்ளங்கையால் மூக்கில் ஒன்று போடுவாள். அது தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடும்.

பிறக்கும்போதே யாரும் இப்படிப் பிறப்பதில்லை. தாவீது என்றொருவன் அவளைக் கட்டினான். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். கல்யாணமான புதிதில் அடித்தான், குழந்தை பிறந்ததும் அடித்தான், குடித்துவிட்டு அடித்தான், குடிக்கக் கிடைக்காத நாளில் இன்னும் நன்றாக அடித்தான். எல்லம்மாவின் முதுகு அதற்கெல்லாம் பழகிப்போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கை தொட்டிலுக்கு நீண்டது. அப்போதுதான் அவள் அருவாமனையைத் தூக்கினாள். நல்லவேளை, கத்திப் பக்கம் அவளைப் பார்த்து இருந்தது. கட்டைப் பக்கம் அவன் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அந்தச் சின்ன வீட்டுக்குள் மளுக்கென்று கேட்டது. அதைக் கேட்டு அவளுக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. தாவீது நொண்டிக்கொண்டே செங்கல்பட்டுப் பக்கம் போனவன், திரும்பி அந்தத் தெருவை எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கு எல்லம்மா கற்றுக்கொண்டது ஒன்றுதான்: முதலில் கை ஓங்குகிறவர்களுக்குத்தான் வீடு.

அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் மகள் ரேஷ்மாவை வளர்த்தாள். ஸ்கூலுக்கு லேட்டானால் ஒன்று, பால் பொங்கி வழிந்தால் ஒன்று, எதிர் வீட்டுப் பையனைப் பார்த்துச் சிரித்தால் இரண்டு. அஸ்தினாபுரத்தில் அவர்கள் குடியிருந்த சந்தில், சாயங்காலமானால் குக்கர் விசில் சத்தத்தோடு அந்தச் சத்தமும் கேட்கும். அடிக்கிற அம்மாதான் சாப்பாடும் ஊட்டினாள், காய்ச்சல் வந்தால் கண் விழித்தும் கிடந்தாள். பாசமில்லாமல் அடித்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. பாசம் இருந்தது, அடிதான் அதன் பாஷை.

ரேஷ்மா வளர்ந்து, பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் மேற்பார்வை வேலைக்குப் போனாள். அங்கே மெஸ்ஸில் சமையல் செய்துகொண்டிருந்தவன் விக்கி. கொடைக்கானலுக்கும் மேலே, பேர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு மலைக் கிராமத்துப் பையன். குரல் உயர்த்திப் பேசமாட்டான். அதுதான் ரேஷ்மாவை விழ வைத்தது. சத்தமே போடாத ஒருத்தனை அவள் வாழ்க்கையில் அப்போதுதான் பார்க்கிறாள். எல்லம்மா இரண்டு நாள் அடித்துப் பார்த்தாள், மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டாள். ஆவணியில் கோயிலில் தாலி கட்டினான். அப்பா விட்டுப்போன பூண்டு வயலைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லி, அடுத்த மாதமே அவளை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

போன புதிதில் தினமும் போன் வந்தது. பிறகு வாரம் ஒருமுறை. பிறகு எல்லம்மா கூப்பிட்டால் மட்டும். மார்கழி பிறந்ததும் அதுவும் இல்லை. கடைசியாகப் பேசியபோது ரேஷ்மா, நீ இங்கெல்லாம் வராதேம்மா, குளிர் தாங்காது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

போகி நெருங்கும் நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பேசியவள் பெயர் ஹெப்சி, அந்த ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள், விக்கியின் வயலுக்கு அடுத்த வீடு. "அக்கா, உங்க பொண்ணுக்குக் கை ஒடிஞ்சு கட்டுப் போட்டிருக்கு. வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுது. நான் நம்பல. ராத்திரி அது அலறுற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது. நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருங்க, இல்லன்னா பொணத்தத்தான் கூட்டிட்டுப் போவீங்க."

எல்லம்மா போனை வைத்துவிட்டுக் கையில் இருந்த சங்கரா மீனை வெட்டி முடித்தாள். வெட்டக் கொடுத்த அம்மாள், துண்டு இவ்வளவு சின்னதாகப் போட்டால் எப்படிக் குழம்பு வைப்பது என்று சலித்துக்கொண்டாள்.

அவளுடைய அண்ணன் தனக்கோடி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். செய்தி கேட்டதும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வேன் பிடித்துப் போகலாம் என்று குதித்தார். எல்லம்மா வேண்டாம் என்றாள். நாலு ஆம்பளைகள் போய் இறங்கினால் அது சண்டை. ஊரே அவன் பக்கம் நின்று கதவைச் சாத்தும். போலீஸைக் கூட்டிப் போனால், நான் வழுக்கித்தான் விழுந்தேன் என்று இந்தப் பெண்ணே சொல்லிவிடும். ஆனால் வருகிறது தலைப்பொங்கல். கல்யாணமான முதல் பொங்கலுக்குப் பெண்ணைப் பெற்றவள் சீர் கொண்டுபோவதை எந்த ஊரிலும் யாரும் வாசலில் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் அவனுக்குத்தான் அசிங்கம். பெண்ணும் வெளியே வந்து தன் கையால் வாங்கித்தான் ஆகவேண்டும். அவள் வாசலுக்கு வந்துவிட்டால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

தனக்கோடிக்குத் தங்கச்சியைத் தெரியும். "இன்னா பாத்துக்குவ? கொலையா பண்ணப் போற?" என்று கேட்டார்.

"எம்பொண்ண வூட்டுக்கு இட்டாரப் போறன். நடுவுல எவனாச்சும் நின்னா அவன் தலையெழுத்து," என்றாள் எல்லம்மா.

மார்க்கெட்டிலேயே எல்லாம் வாங்கினாள். பித்தளைப் பானை, அதற்குள் பச்சரிசி, வெல்லம், பருப்பு, மேலே ஒரு புதுப்புடவை. கொத்தோடு மஞ்சள். தோகையோடு கரும்பு. கரும்பை ரெண்டாக வெட்டிக் கட்டி எடுத்துக்கொண்டு ராத்திரி ரயில் ஏறினாள். மேல் பர்த்திலிருந்தவர் முகத்தில் தோகை உரச, அவர் முணுமுணுக்க, எல்லம்மா ஒரு பார்வை பார்க்க, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் மலை ஏறிய பஸ், கொடைக்கானல் தாண்டி இன்னொரு பஸ், எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அந்த இரண்டாவது பஸ் பாதி வழியில் ஒரு டீக்கடை முன்னால் நின்றுவிட்டது. மழை விட்ட பிறகும் ஊறிக் கிடந்த மண் சரிந்து, மரத்தோடு ரோட்டில் விழுந்து கிடந்தது. ரெண்டு மூணு நாளாகும் என்றார் டிரைவர். சுற்றிப் போகவும் வழியில்லை. எல்லம்மா அந்த டீக்கடையிலேயே ராத்திரி தங்கினாள். பொழுது விடிந்ததும், நடந்து போக வழி உண்டா என்று கடைக்காரரைக் கேட்டாள்.

உண்டு என்றார் அவர். முன்பெல்லாம் ஆடு மாடு ஓட்டிப் போன தடம். பைன் காட்டுக்குள் ஏறி, உச்சியில் புல்வெளி, அதைத் தாண்டிச் சோலைக்காடு, கீழே ஓடை, ஓடையைக் கடந்து ஏறினால் ஊர். இப்போது கிளம்பினால் பொழுது சாயப் போய்ச் சேரலாம். ஆனால் தனியாக யாரும் போவதில்லை, காட்டெருமை நடமாட்டம் அதிகம் என்றார். முக்கியமாக இந்தக் கரும்பை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அதன் வாசனை அதுகளுக்கு எட்டத்திலிருந்தே தெரிந்துவிடுமாம்.

கரும்பில்லாமல் தலைப்பொங்கல் சீரா? எல்லம்மாவுக்கு அது உப்பில்லாத குழம்பைக்காட்டிலும் கேவலம். அதிலும் கரும்பைக் குறைத்துக் கொண்டுபோய் நின்றால், குறை சொல்லி வாசலில் நிறுத்த அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். மாடுதானே, நான் பார்க்காத மாடா என்று சொல்லிவிட்டுப் பானையைத் தலையில் வைத்தாள், கரும்பைத் தோளில் சாய்த்தாள். அண்ணன் கொடுத்த குரங்குக் குல்லாவை இழுத்து மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு காட்டுக்குள் ஏறினாள்.

பைன் மரங்களுக்கிடையில் வெயில் விழவில்லை. தரையெல்லாம் ஊசி ஊசியாக உதிர்ந்து கிடந்தது. அதன் மேல் செருப்பு வழுக்கியது. குளிர் அவளுக்குப் புதிதல்ல; இருபது வருஷமாக ஐஸுக்குள் கையை விட்டு மீன் எடுத்தவள். ஆனால் கைதான் பெட்டிக்குள் போகும், அவள் வெளியே இருப்பாள். இங்கே ஆளையே பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டது போலிருந்தது. மூச்சுவிட்டால் புகை. காது மடல் எரிந்து, பிறகு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போனது. விரல் மடங்க மறுத்தது.

உச்சிப் புல்வெளிக்கு ஏறியபோது வெயில் பளிச்சென்று அடித்தது. அடித்து என்ன, சூடு இல்லை. புல்லெல்லாம் உறைபனி பூத்து, உப்பளம் மாதிரி கிடந்தது. கால் வைத்த இடமெல்லாம் நறுக்கென்று நொறுங்கியது. காற்று எங்கிருந்தோ கிளம்பி வந்து முகத்தில் அறைந்தது. திருப்பி அடிக்க அதற்குக் கன்னமில்லை என்பதுதான் எல்லம்மாவுக்கு எரிச்சல்.

அந்தக் குளிருக்கு அவள் போர்த்திக்கொண்டதெல்லாம் ஒன்றுதான். விக்கியை எப்படி அடிப்பது என்று நடந்துகொண்டே நினைத்தாள். முதலில் மூக்கு. மூக்கில் விழுந்தால் கண்ணில் தண்ணீர் வரும், ஆள் குருடாகிவிடுவான். அப்புறம் தலைமயிரைப் பிடித்து வாசற்படியில் ஒரு மோது. என் மகளுக்கு எந்தக் கை ஒடிந்ததோ அந்தக் கை. தாவீதின் முழங்காலில் கேட்ட சத்தம் இன்னொரு முறை கேட்க வேண்டும். அதை நினைக்க நினைக்க நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டினாற்போல இதமாக இருந்தது. சிரிப்புக்கூட வந்தது. ஏற்றம் தெரியவில்லை.

புல்வெளி முடிந்து சோலைக்காடு ஆரம்பிக்கிற இடத்தில் பானையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். அப்போது தோளிலிருந்த கரும்பை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள்.

திரும்பினாள். ஒரு காட்டெருமை. தனியாக நின்றது. கறுத்து, திரண்டு, தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் வந்து நிற்குமே அப்படி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. வாயில் கரும்புத் தோகை.

அறிவுள்ளவர்கள் அந்த இடத்தில் கரும்பை விட்டிருப்பார்கள். மெதுவாகப் பின்னால் நகர்ந்து, ஒரு மரத்துக்குப் பின்னால் போய், கும்பிட்ட சாமியையெல்லாம் கூப்பிட்டிருப்பார்கள். எல்லம்மாவுக்குத் தெரிந்தது மார்க்கெட் மாடு. "த்தே, போ அப்பால!" என்று சொல்லி, உள்ளங்கையை விரித்து, அதன் மூக்கில் ஒன்று போட்டாள்.

அந்த மாடு அடி வாங்கிப் பழகியதில்லை. அதற்கு முதலில் புரியவே இல்லை. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, ஒரே ஒரு முட்டு. கொம்பு குத்தவில்லை, அது அவள் அதிர்ஷ்டம். நெற்றி இடது தோளில் இறங்கியது. எல்லம்மா காற்றில் போய், சரிவில் விழுந்து, கல்லிலும் முள்ளிலும் உருண்டு, ஒரு பள்ளத்தில் முகம் குப்புறப் போய் நின்றாள். தோளுக்குள் ஏதோ இடம் மாறிவிட்டது. கையைத் தூக்கினால் தோள் வரவில்லை, தோளை அசைத்தால் உயிர் போனது. வாயில் மண்ணும் ரத்தமும் பனியும் ஒன்றாகக் கரைந்தன.

மேலே அந்த மாடு நிதானமாகச் சீரைத் தின்றது. கரும்பைக் கடித்து முறிக்கும் சத்தம் பள்ளம் வரைக்கும் கேட்டது. மஞ்சள் கொத்தை முகர்ந்து பார்த்துவிட்டு மிதித்தது. பானையை ஒரு தள்ளுத் தள்ளியது. அது உருண்டு, கல்லில் மோதி, கல்யாண வீட்டுக் கெட்டிமேளம் போலச் சத்தமெழுப்பிக்கொண்டு அவளுக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தது. எல்லம்மாவுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் கொஞ்சநஞ்சமல்ல, மீன் வரிசையே அவளிடம் கற்றுக்கொள்ளும். அத்தனையையும் அன்றைக்கு வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூட வராமல் படுத்துக் கிடந்தாள். தாவீது போனதிலிருந்து முதன்முறையாக அடித்தவரை எதிர்த்து எழாமல் கிடந்தாள். அந்த அவமானம் தோளைவிட அதிகமாக வலித்தது.

அது போன பிறகு எழுந்தாள். மகளுக்கு வாங்கிய புதுப்புடவையைப் பல்லால் கிழித்துத் தோளைக் கட்டினாள். சிதறிய அரிசியை ஒற்றைக் கையால், புல்லும் பனியுமாக வழித்துப் பானையில் போட்டாள். வெல்லம் பாதி கிடைத்தது. ஒரு செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இன்னொன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதையும் கழற்றிப் போட்டுவிட்டு, நசுங்கிய பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சோலைக்குள் இறங்கினாள்.

ஓடைக்கு வந்தபோது செந்நாய்கள் இருந்தன. ஒரு கடமானைத் தண்ணீருக்குள் விரட்டி நிறுத்தியிருந்தன. மான் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருக்கும்போதே பின்பக்கத்திலிருந்து அதைத் தின்றுகொண்டிருந்தன. தினமும் உயிரோடு துடிக்கிற விரால் தலையில் கட்டையால் அடிக்கிறவள் எல்லம்மா. ரத்தம் அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. ஆனால் அந்த மான் கத்தவில்லை, ஓடவில்லை, உதைக்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஏன் ஓடாமல் நிற்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஓடு சனியனே என்று கத்தினாள். நாய்கள்தான் திரும்பிப் பார்த்தன. பிறகு தங்கள் வேலையைப் பார்த்தன.

அவள் கொஞ்சம் கீழே போய், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கடந்தாள். அக்கரை ஏறும்போது பாதம் கிழிந்து, கல்லில் ரத்தம் ஒட்டிக்கொண்டே வந்தது. ரத்தம் தெரிந்தது, வலி தெரியவில்லை. ஈரப்புடவை விறைத்துக் காலில் அட்டை மாதிரி அடித்தது. உட்கார்ந்தால் எழமாட்டோம் என்று மட்டும் புரிந்தது. அதனால் உட்காரவில்லை. மூக்கு, தலைமயிர், வாசற்படி, கை என்று மனப்பாடம் செய்த அடிகளைச் சொல்லிச் சொல்லி நடந்தாள். பூண்டு வயல்களின் படிகள் தெரிந்தபோது வெயில் எதிர் மலைக்கு ஏறிவிட்டிருந்தது.

வயல் ஓரத்து முதல் வீடு ஹெப்சியுடையது. தான் யாரென்று எல்லம்மா சொல்லாமலே அவள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். முதலில் உள்ளே வாருங்கள், சுடுதண்ணீர் வைக்கிறேன், காலையில் பேசிக்கொள்ளலாம் என்றாள். எல்லம்மா, எந்த வீடு என்று மட்டும் கேட்டாள். ஹெப்சி கையைக் காட்டிவிட்டு, பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தாள்.

விக்கி தகரக் கூரை போட்ட வீட்டின் வாசலில் விறகு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தான். பார்த்ததும் எழுந்தான். ரோடே இல்லையே அத்தை, எப்படி வந்தீர்கள் என்று, அதே உயராத குரலில் கேட்டான். எல்லம்மா பானையை வாசலில் வைத்தாள். நசுங்கிப்போன பானை, மண்ணும் புல்லும் கலந்த அரிசி, பாதி வெல்லம்.

"தலைப்பொங்கல் சீர். எம்பொண்ணு வந்து வாங்கணும். கூப்புடு," என்றாள்.

அவள் கணக்குப் பொய்க்கவில்லை. சுற்றி நாலு வீட்டு வாசலில் ஆட்கள் வந்து பார்க்க, அவன் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே குரல் கொடுத்தான். ரேஷ்மா வந்தாள். இடது கையில் அழுக்கேறிய கட்டு. மேல் வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. பொத்தேரிக்கு ஸ்கூட்டியில் போன பெண்ணா இது? அந்தப் பல் இல்லாத வாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல எல்லம்மாவுக்கு இருந்தது. வலது கையைத் தூக்கினாள்.

ரேஷ்மா சட்டென்று குனிந்து, கட்டுப் போட்ட கையால் தலையை மூடிக்கொண்டாள்.

விக்கி சிரித்தான். "நான் தொடுறதுக்கு முந்தியே இவ இப்படித்தான் அத்தை. கல்யாணமான மறுநாள் தண்ணி கேட்டுக் கைய நீட்டினேன், தலைய மூடிக்கிட்டு உக்காந்துட்டா. யாரு பழக்கிவிட்டதுன்னு நானும் யோசிச்சேன்."

அதற்கப்புறம் நடந்ததை எல்லம்மா யோசித்துச் செய்யவில்லை. அவன் மூக்கு அவள் கைக்கடியில் நசுங்கியது. தலைமயிர் அவள் பிடியில் வந்தது. ஒற்றைக் கைதான், ஆனாலும் அவனை மண்டியிட வைத்து, வாசற்படிக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய்விட்டாள். அவன் ரத்தம் சூடாக அவள் விரல்களில் இறங்கியது. அன்றைக்கு முழுவதும் அவளுக்குக் கிடைத்த முதல் சூடு அதுதான்.

"அம்மா," என்றாள் ரேஷ்மா. சத்தமாகச் சொல்லவில்லை. "அவன வுடு. அடிச்சீன்னா நான் ஒன்கூட வர மாட்டேன்."

எல்லம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. இவனையா விடச் சொல்கிறாய் என்று கேட்டாள்.

"அவன் நல்லவன்னு சொல்லல. நீயும் இதத்தான் பண்ற, அவனும் இதத்தான் பண்றான். அப்பறம் நான் எங்க இருந்தா இன்னா?"

எல்லம்மாவின் கைக்குள் அவன் தலை தயாராக இருந்தது. படி பக்கத்தில் இருந்தது. ஒரு மோது போதும். மலை முழுக்க அந்த ஒரு மோதுக்காகத்தான் நடந்து வந்திருந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை, கோபமும் இல்லை. இந்த அம்மா என்ன செய்யப்போகிறாள் என்பது முன்பே தெரிந்துவிட்ட சலிப்புதான் இருந்தது. அந்தச் சலிப்பைத்தான் எல்லம்மாவால் தாங்க முடியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தலைமயிரை விட்டாள்.

எழுந்தவன் சும்மா இருப்பானா? ஊர் பார்க்க, கிழவி ஒருத்தி மண்டியிட வைத்துவிட்டாள். நெருப்பிலிருந்து ஒரு விறகை உருவினான். முதல் அடி முதுகில். இரண்டாவது கட்டுப் போட்ட தோளில். எல்லம்மாவுக்குக் கண் இருட்டியது. கை தானாக எழுந்தது. எழுந்த கையை இழுத்து, புடவைக் கொசுவத்துக்குள் செருகி, முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தாவீதிடம் வாங்கியபோதுகூட அவள் இப்படி வாங்கியதில்லை. அப்போது வேறு வழி தெரியாது, இப்போது வழி தெரிந்தே வாங்கினாள். அடுத்த அடி காதோரத்தில் விழுந்து, ரத்தம் குல்லாவுக்குள் ஊறியது. அவள் விழவில்லை. மகளைத் தவிர வேறு எதையும் பார்க்கவும் இல்லை. ரேஷ்மாவும் விக்கியைப் பார்க்கவில்லை, விறகைப் பார்க்கவில்லை. கொசுவத்துக்குள் துடித்துக்கொண்டிருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு உள்ளே போய் ஒரு ஸ்வெட்டரையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கேடி போகிறாய் என்று அவன் விறகை அவள் பக்கம் திருப்பினான். அதற்குள் ஹெப்சி வந்து நடுவில் நின்றுவிட்டாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், அப்புறம் அவர்கள் வீட்டு ஆண்கள். திருப்பி அடிக்காத ஒருத்தியை அடித்ததை ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது, இனி அவனுக்காக யாரும் கதவைச் சாத்தப்போவதில்லை. அது அவனுக்கும் புரிந்தது. பானையை எட்டி உதைத்துவிட்டு, போங்கடி என்று கத்தினான். அவன் குரல் உயர்ந்து ரேஷ்மாவைத் தவிர மற்றவர்கள் கேட்டது அதுதான் முதல்முறை.

ஹெப்சியின் வீட்டுக்கு வயல் வரப்பில் நடந்தார்கள். எல்லம்மா முன்னால், காலை இழுத்து இழுத்து. ரேஷ்மா நாலைந்து எட்டுத் தள்ளிப் பின்னால் வந்தாள்.  பனி இறங்க ஆரம்பித்திருந்தது. பாதி வழியில் ரேஷ்மா எட்டி நடந்து பக்கத்தில் வந்தாள். அம்மாவின் இடது தோள் தொங்கிக் கிடந்தது. அந்தப் பக்கம் வந்திருந்தால் பயமே இல்லை. அவள் வலது பக்கம் வந்தாள். அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்தில், தலையைக் குனியாமல் நடந்தாள்.

எல்லம்மாவுக்குத்தான் கையைக் கொசுவத்திலிருந்து வெளியே எடுக்கப் பயமாக இருந்தது.